சிலுவைமுத்து டெய்லரின் மூலை மடிப்பு

இனிமேல் தன் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் அடங்கிப் போவதில்லை என்று சிலுவைமுத்து டெய்லர் ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் செய்தார். அந்த வீட்டில் பெண் என்று இருந்தது அவர் மனைவி செசிலி ஒருத்திதான். ஆகவே தீர்மானத்தை நிறைவேற்றுவது ரொம்பச் சுலபம் என்று நினைத்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. கோட்டாற்றில் கோட்டுத் தைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான். "ஊர் பேருலேயே கோட்டு இருக்கு. மிச்சத்த நான் தைக்கேன்" என்பார். ஆனால் கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிறவர்கள் அவரைத் தாண்டி, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். செசிலி பிள்ளைமெத்தை தைப்பாள். தொட்டிலில் போடுகிற அளவுதான். இரண்டு துணிக்கு நடுவில் இலவம்பஞ்சைப் பரப்பி, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, சுற்றிலும் சிவப்புத் துணியில் பட்டி வைத்து முடிப்பாள். அந்தப் பட்டி இருக்கிறதே, அது வைத்துத் தைத்த மாதிரியே இருக்காது. மெத்தையோடு பிறந்த மாதிரி இருக்கும். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, ஒரு கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மெத்தையைக் கண்டுவிட்டார். மெத்தையை வாங்கிக்கொண்டு போனவர்தான். மற்றக் கை இன்னும் வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அன்று காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரி பக்கத்துக்காரியிடம், "இது ஆருன்னு தெரியுமாட்டி? நம்ம செசிலிக்க மாப்பிள" என்று சொல்லிவிட்டாள். வாங்கிய சாளை கையில் கனத்தது.

வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டார்.

"ஏட்டி செசிலி! இந்த மெத்தை ஓரத்துல பட்டி வைக்குதியே, அது ஒரு வேலையாட்டி?"

"இல்லியா?"

"தொரைமாரு கோட்டுக்குக் காலர் வச்ச கையாக்கும் இது. காலரு கழுத்துல நிக்கணும். உனக்க பட்டி எங்க கெடக்கும்? பிள்ளைக்க மூத்திரத்துல கெடக்கும்."

"எதுல கெடந்தாலும் பிரியாமக் கெடக்கணும்லா."

"கால்மிஷின்ல வச்சு ஒரே ஓட்டு. வெத்தல போட்டுத் துப்புகதுக்குள்ள முடிச்சிருவேன்."

செசிலி கோபப்படவில்லை. சிலுவைமுத்து அதைக் கவனித்திருக்க வேண்டும். அவள் உள்ளே போய் ஒரு மெத்தையை எடுத்து வந்தாள். மராமத்து எஞ்சினியர் வீட்டு அம்மா சொல்லியிருந்த மெத்தை. அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பஞ்சு வைத்து, தையல் ஓட்டி, ஓரத்தை வெட்டி நேராக்கியாயிற்று. பட்டி மட்டும் பாக்கி.

"நாளைக்கு அந்த அம்மா வருவாவ. நீங்களே வச்சிருங்க. நான் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வாறேன்."

"போ. குளச்சலுக்குப் போய் உனக்க அக்காகிட்டயும் சொல்லு, எனக்க மாப்பிள பட்டி வைக்காருன்னு."

அவள் போனதும் சிலுவைமுத்து மிஷினில் உட்கார்ந்தார். முதல் பக்கம் ரயில் மாதிரி ஓடியது. ரயில் பார்த்ததில்லை என்றாலும் அப்படித்தான் ஓடும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு மூலை வந்தது. பட்டியை அப்படியே வளைத்துத் திருப்பினார். துணி சுருங்கி, மூலை உருண்டு, ஆட்டுக்காது மாதிரி ஆயிற்று. பிரித்தார். மறுபடி வளைத்தார். இந்தத் தடவை எருமைக்காது. வெட்டி ஒட்டுப்போட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த பஞ்சு வெளியே வந்து அவரைப் பார்த்தது.

செசிலி எப்படி வைக்கிறாள்? வீட்டுக்குள் போய்த் தேடினார். மற்ற மெத்தைகளெல்லாம் விற்றுப்போயிருந்தன. அடுக்களையில் சூட்டுப்பானை இறக்குகிற கைத்துணி கிடந்தது. அதுவும் பஞ்சு வைத்துத் தைத்ததுதான், அதற்கும் சுற்றிலும் பட்டி, நாலு மூலையும் கத்தி மாதிரி. உள்ளே என்ன மாயம் வைத்திருக்கிறாள் என்று பார்க்க ஒரு மூலையைப் பிரித்தார். பிரித்ததும் மூலையும் இல்லை, மடிப்பும் இல்லை. நீளமாக ஒரு துண்டுத் துணி கையில் தொங்கியது. இன்னொரு மூலையைப் பிரித்தார். அங்கேயும் அதே துணி. கடைசியில் எஞ்சினியரம்மாவின் மெத்தை போக, இப்போது ஒரு கைத்துணிக்கும் பட்டி வைக்க வேண்டியதாயிற்று.

பதறிப்போய், வெப்ராளம் பிடித்து, இரண்டையும் துண்டில் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பகவதியிடம் ஓடினார். பகவதிக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். வாசலிலேயே நிறுத்தி, விரித்துப் பார்த்தாள்.

"என்ன டெய்லரே இது?"

"பட்டி வச்சது."

"பட்டி வச்ச மாதிரி இல்லியே. பட்டி கடிச்ச மாதிரில்லா இருக்கு!"

அவள் மேற்கே, நாயைப் பட்டி என்று சொல்லுகிற ஊரில் பிறந்தவள். சிலுவைமுத்து அதையும் விழுங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் செரியாக்கித் தா பிள்ளே. செசிலிக்குத் தெரியண்டாம்."

"அதுக்கென்ன, மூலைக்கு மடிப்புத்தானே வேணும். கொண்டாரும்." உள்ளே எடுத்துப் போனாள். உள்ளேயிருந்து யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது.

"உள்ள ஆரு?"

"பூனையாக்கும்."

"பூனை சிரிக்குமா?"

"உம்மப் பாத்தா சிரிக்கும்."

சாயங்காலத்துக்குள் மெத்தை வந்தது. மூலைகள் நாலும் சாய்வாக மடிந்து, பட்டியின் இரண்டு முனையும் சேருகிற இடம் எங்கே என்றே தெரியாமல், பின்பக்கத்துக் கைத்தையல் கண்ணுக்கே படாமல் அப்படியொரு சுத்தம். கைத்துணியும் பழையபடி ஆகியிருந்தது. செசிலி வீடு திரும்பினாள். மெத்தையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நீங்க வச்சதா?"

"பின்ன, மிஷினா வச்சது?"

"கொள்ளாம். எனக்குக்கூட இப்படி வராது."

அவ்வளவு சந்தோஷத்தை அவர் கலியாணத்தன்றும் கண்டதில்லை.

மறுநாள் எஞ்சினியரம்மா வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மெத்தையை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"செசிலி, இந்த மூலை எப்படி இவ்வளவு நேரா வந்தது?"

"எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் இவருதான் வச்சாரு."

"டெய்லரா?"

சிலுவைமுத்து தொண்டையைச் செருமினார். அதற்கு மேல் அடக்கம் வரவில்லை. "காலர் வச்ச கைம்மா" என்றார்.

"அப்படின்னா சனிக்கிழமை எங்க லேடீஸ் கிளப்புக்கு வாங்க. எல்லாரும் மெத்தை தைக்கறோம், பட்டி வைக்கும்போது கெட்டுப் போறது. நீங்க எங்க முன்னால வெச்சுக் காட்டணும். வந்தா எங்காத்துக்காரர்கிட்டே சொல்றேன். இந்த வருஷம் மராமத்து பியூன்களுக்குக் காக்கிக் கோட்டு தைக்க ஆள் தேடிண்டிருக்கார்."

காக்கிக் கோட்டு! கோட்டாறு முழுவதும் அவர் தைத்த கோட்டு நடந்து போவது கண்ணில் தெரிந்தது. கூடவே, லேடீஸ் கிளப்பில் ஒரு எருமைக்காது எழுந்து நிற்பதும் தெரிந்தது. அந்த அம்மா படியிறங்கியதும் உட்கார்ந்துவிட்டார்.

"செசிலி, சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரும்னு தோணுது."

"இன்னைக்குச் செவ்வாயாக்கும்."

"சில காய்ச்சல் முன்கூட்டியே தெரியும்."

"காய்ச்சலோட போனா காக்கிக் கோட்டு கிட்டுமா?"

மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சொல்லிவிட்டார். "அது நான் வச்சதில்லட்டி. பகவதி வச்சது."

"பகவதிக்கு நேர்த்தையலே கோணிப்போவும். அவளா வச்சா?"

"பின்ன ஆரு?"

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்லா? பகவதிய நான் அக்கான்னுதானே கூப்பிடுகது. குளச்சலுன்னு நீங்கதான் சொன்னீய."

சிலுவைமுத்துவுக்கு விஷயம் பைய விளங்கியது. "அப்ப அந்தப் பூனை..."

"மியாவ்" என்றாள் செசிலி.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போனார்கள். அவர் பேசுவது, அவள் தைப்பது என்று ஏற்பாடு. கிளப்பில் தாசில்தார் வீட்டு அம்மா, டாக்டர் வீட்டு அம்மா என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சிலுவைமுத்து, செசிலி சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்.

"மூலை வாறதுக்குக் கொஞ்சம் முன்னாலயே தையல நிறுத்திரணும். பொறவு பட்டிய நேரா மேல மடக்கணும். மடக்கினத அப்படியே கீழ எறக்கணும். மூலையில சின்னதா ஒரு கோபுரம் எந்திச்சு நிக்கும். நிக்கட்டும். தொடப்பிடாது. பின்னால திருப்பித் தைக்கும்போது அதுவே படுத்துக்கிடும். ஓரத்துக்கு ஓரவஞ்சனை செய்யப்பிடாது, மூலைக்கு மூளை வேணும்."

கடைசி வார்த்தை அவருடைய சொந்தச் சரக்கு. அம்மாமார் கைதட்டினார்கள். சொல்லச் சொல்ல செசிலியின் கை அதைச் செய்து முடித்தது. சிலுவைமுத்து அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கைதட்டல் தலைக்கேறிவிட்டது. டாக்டர் வீட்டு அம்மா, "அடுத்த மூலையை நீங்களே வெச்சுக் காட்டுங்களேன்" என்றதும், செசிலி முந்தானையைப் பிடித்து இழுக்கிறதற்குள் மெத்தையை வாங்கிவிட்டார்.

தையலை எங்கே நிறுத்த வேண்டும் என்று வாய்க்குத் தெரியும். கைக்குத் தெரியாது. கோபுரம் எழுந்தது. படுக்கவில்லை. அவர் அழுத்தினார், அது புரண்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மெத்தையின் மூலையில் அந்தப் பழைய எருமைக்காது மறுபடி முளைத்தது. எஞ்சினியரம்மாவின் புருவம் உயர்ந்தது. காக்கிக் கோட்டுகள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாகப் போவதை சிலுவைமுத்து கண்டார்.

செசிலி எழுந்தாள். மெத்தையை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. இப்படி வைக்கப்பிடாதுன்னு காட்டுதாரு. இது முதல்ல தெரிஞ்சாத்தான் சரியானது தெரியும். அவருக்க கையில சரியா வாறத இப்படிக் கெடுத்துக் காட்டணும்னா எவ்வளவு சிரமம்!"

"அடடா!" என்றார் எஞ்சினியரம்மா. "என்னுது இதே மாதிரிதான் வர்றது! இப்போதான் எங்கே தப்புன்னு புரியறது." மற்றவர்களும் தங்கள் மெத்தைகளை எடுத்துக் காதுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இப்படித் தெளிவாகத் தப்புச் செய்கிற வாத்தியாரைக் கண்டதில்லை என்றார் தாசில்தார் வீட்டு அம்மா. சனிக்கிழமைதோறும் வர வேண்டும் என்று முடிவாயிற்று. செசிலி சரியானதைக் காட்டுவாள், டெய்லர் தப்பானதைக் காட்டுவார்.

காக்கிக் கோட்டும் கிடைத்தது. ஆனாலும் சிலுவைமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து, பட்டியைச் சுருக்கி, முனையைக் கோணலாகச் சேர்த்து, மூலையை உருட்டி, "பாத்தியளா, இப்படி வைக்கப்பிடாது" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை மறந்துபோன மாதிரி நன்றாக வைத்துவிடலாம் என்று முயன்றார். முடியவில்லை. அன்றைக்குக் கைதட்டல் ரொம்ப அதிகம்.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் காக்கி வெட்டிய துண்டுகளை வைத்துத் தனியாகப் பழகினார். செசிலி பார்க்காதபோது மடக்கினார், இறக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார். விரலெல்லாம் ஊசிக்குத்து. ஒருநாள் மத்தியானம் தையல் சரியான இடத்தில் நின்றது. கோபுரம் எழுந்தது. பின்னால் திருப்பினார். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி அது படுத்துக்கொண்டது. சிலுவைமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார்.

"ஏட்டி, பாரு! நானே வச்சது. சத்தியமா நானே வச்சது!"

செசிலி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். மடிப்பை நகத்தால் நெருடிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம் தெரிந்தது.

"நல்ல மூலை. என்னுதவிட நல்லா இருக்கு" என்றாள். பிறகு திருப்பி அவர் கையில் கொடுத்தாள். "பிரிச்சிருங்க."

"எதுக்குட்டி?"

"சரியா வைக்க நான் இருக்கேன். நீங்களும் சரியா வச்சா சனிக்கிழமை உங்கள எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்?"