நீலாம்பாள் ஓடிய ஓட்டமும் நீ வரத் தேவையில்லாத காரணமும்

சிவமயம்

காஞ்சிபுரம்,
1968 ஆகஸ்டு, வியாழக்கிழமை.

சிரஞ்சீவி தம்பி வீரபாகுவுக்கு அக்காள் மங்கையர்க்கரசி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் கிருபையில் இவ்விடம் நானும் என் விசிலும் சௌக்கியம். அரக்கோணத்தில் நீயும், உன் மனைவி பெரியநாயகியும், உன்னிடம் டிரில் படிக்கும் பையன்களும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. "தையல் டீச்சருக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும், லீவு போட்டு நானே வந்து சரி பண்ணுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ வர வேண்டாம். எங்கள் டிரில் டீச்சர் பிரசவத்துக்குப் போனதும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் விட்டபின் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டமும் உடம்பைப் பேணும் பழக்கமும் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். நான் தயங்கவே இல்லை. காலம் பூராவும் பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு ஓட்டம் தெரியாதா?

முதலில் மூச்சுப் பயிற்சி. "மூச்சை இழுத்துப் பிடிங்க, நான் சொல்றப்ப விடுங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ரவிக்கைத் துணி கொண்டுவந்தார்கள். கை நீளமா, கழுத்து இறக்கமா என்று பேசி முடித்துத் திரும்பினால் பாதிப் பேர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள், மீதிப் பேருடைய முகம் குங்கும நிறம். என் சொல்லுக்கு அவ்வளவு கட்டுப்பாடு. அடுத்தது சத்துணவு, முளைகட்டின பயறு. அதை ஓடுவதற்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா என்று ஒரு சந்தேகம் இருந்தது. முன்னால் கொடுத்தேன். இப்போது சந்தேகம் இல்லை.

போன திங்கட்கிழமை நடந்ததை யாரோ உனக்குத் திரித்து எழுதியிருக்கிறார்கள். உள்ளபடி சொல்கிறேன், கேள். எட்டாம் வகுப்பில் நீலாம்பாள் என்று ஒரு பெண். அப்பா பரமசிவம், பட்டுத் தறி. அன்று காலையில்தான் அவர், "இந்த வருஷத்தோட படிப்பு போதும், தறியில வந்து உக்காரு" என்று சொல்லியிருக்கிறார். அவள் அப்படியே பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. சாயங்காலம் எல்லாரையும் ஐயம்பேட்டை ரோட்டில் ஓடவிட்டேன். எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. களைத்தால் திரும்புவார்கள் என்பது என் கணக்கு. எல்லாரும் களைத்துத் திரும்பினார்கள். நீலாம்பாள் மட்டும் களைக்கவில்லை. வருத்தம் காலுக்கு அவ்வளவு பலம் கொடுக்கும் என்று எந்த டிரில் புத்தகத்தில் இருக்கிறது, நீயே சொல்.

நேரமாகிறதே, வீட்டில் தேடுவார்களே என்று பியூன் முனிசாமியைச் சைக்கிளில் அனுப்பினேன். "உங்க பொண்ணு ஐயம்பேட்டை ரோட்ல நல்லா ஓடிக்கினு இருக்குது, வர கொஞ்சம் நேரமாவும்" இதுதான் நான் சொல்லி அனுப்பினது. முனிசாமி சிக்கனக்காரர். வாசல்ல நின்னு, "பொண்ணு ஓடிடுச்சுபா, ஐயம்பேட்டை ரோடு" என்று மட்டும் சொல்லிட்டு டீ குடிக்கப் போய்ட்டார்.

அப்புறம் கேக்கணுமா. தறிக்குழியில இருந்த பரமசிவம் அப்படியே எழுந்து ஓடி வர்றார், பின்னால தெருவே வருது. நான் விஷயம் தெரிஞ்சு ஒரு ஜட்கா பிடிச்சுக்கினு போறதுக்குள்ள, முன்னால நீலாம்பாள், பின்னால அவ அப்பா, அவர் பின்னால ஆம்பளைங்க கூட்டம். அப்பா அடிக்க வர்றார்னு அவ இன்னும் வேகமா ஓடறா. அவர் "நில்லுடி" ங்கறார், அவ நிக்கல. கடைசியில மனுஷன் ஒரு புளியமரத்தடியில தொப்புனு உக்காந்துட்டார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. நான் வண்டிய விட்டு இறங்கி மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தேன். "இழுத்துப் பிடிங்க" ன்னேன். "வேணாம் டீச்சர்" ன்னு கை எடுத்துக் கும்பிட்டார். கண்ணுல தண்ணி. "நான் காலையில பேசினதுக்குத்தான் வீட்ட விட்டுப் போவுது. படிப்ப நிறுத்தல, நிக்கச் சொல்லுங்க."

நான் விசில் ஊதினேன். நீலாம்பாள் தூரத்திலயே நின்னுட்டா. அப்பா சொன்னத நான் சத்தம் போட்டுச் சொன்னேன், அவளும் அங்கேர்ந்தே சத்தமா, "நைனா எல்லார் முன்னாலயும் சொல்லட்டும் டீச்சர்" ன்னா. அவர் எழுந்து நின்னு தெரு ஜனம் கேக்கச் சொன்னார். "எது வரைக்கும்?" ன்னா. "பதினொண்ணாம் கிளாஸ் வரைக்கும்" ன்னார். அதுக்கப்புறம்தான் நடந்து வந்தா. வந்தவ, "நான் எங்க ஓடிப்போனேன் நைனா, டீச்சர்தானே ஓடச் சொன்னாங்க" ன்னா. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் ஜட்காக்காரரைப் பார்த்தேன்.

பரமசிவத்துக்குக் கோபம் வந்திருக்கும். ஆனா அவர் சம்சாரம் தில்லையம்மாள் அந்த நேரம் பேசினாங்க. புடவையை இழுத்துச் சொருகிக்கினு, ஆம்பளைங்க அத்தனை பேரையும் தாண்டி ஓடி வந்து எப்பவோ மரத்தடியில நின்னுக்கினு இருந்தாங்க, யாரும் கவனிக்கல. "சொன்ன சொல்லு சொன்னதுதான். பொண்ணு படிக்கும், ஓடும்" ன்னாங்க. அவர் தலையை ஆட்டினார். செங்கல்பட்டுல நடக்கிற பள்ளிக்கூட ஓட்டப் போட்டிக்கு நீலாம்பாளை அனுப்பறதா மறுநாள் அவரே வந்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லிட்டுப் போனார்.

ஆகவே தம்பி, இங்கு எல்லாம் என் கைக்குள் இருக்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், பெற்றவர்கள் சம்மதிக்கிறார்கள், ஊர் அமைதியாக இருக்கிறது. உன் லீவை வீணாக்காதே. காமாட்சி அம்மன் உன் குடும்பத்துக்குச் சகல சௌபாக்கியமும் தரட்டும். பெரியநாயகிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அக்காள் மங்கையர்க்கரசி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கதவு தட்டினார்கள். தில்லையம்மாளும் அவர்கள் தெருப் பெண்களும் புடவையைச் சொருகிக்கொண்டு நிற்கிறார்கள், நாளையிலிருந்து அவர்களுக்கும் சொல்லித்தர வேண்டுமாம். ஓடும்போது மூச்சை மூக்கால் விடுவதா, வாயால் விடுவதா என்று கேட்கிறார்கள். சனிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நீ முதல் ரயிலுக்கே புறப்பட்டு வா. யார் கேட்டாலும் அக்காளைப் பார்க்க வந்ததாகச் சொல்.