கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரு குழாய்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
18.8.2003

பம்பாயில் வாழும் அன்பு மச்சான் ஹென்றி அவர்களுக்கு, தங்கை புருஷன் இன்னாசி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஃப்ளோராவும் குடிதண்ணீர் நீங்கலாக மற்ற எல்லாச் சுகத்தோடும் இருக்கிறோம். அங்கே நீங்களும் கரோலின் அக்காவும் அப்படியே, தண்ணீரும் சேர்த்துச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நமது சந்து வீடுகளை இடிக்கப் போவது நிஜம்தானா, பேசாமல் ஊருக்கு வெளியே கொடுக்கும் மாற்று வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிஜம்தான் மச்சான். கன்டெய்னர் லாரி போக ரோடு அகலமாக வேண்டுமாம். நமது சந்து இருபது வருஷத்துக்குள் முளைத்த ஆக்கிரமிப்பாம். நீங்கள் பிறந்த வீடே அதற்கு முந்தியது என்றால், ஆதாரம் எங்கே என்கிறார் அதிகாரி. நம் தலைமுடி நரைத்திருப்பதை எல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

இந்தச் சமயத்தில்தான் நம் சந்து பஷீர் பாயின் அண்ணன் மகள் சபீஹா ஆதாரம் தேடித் தர வந்தாள். காலேஜில் சரித்திரம் நடத்துகிறாள். நான் சரித்திரம் என்றால் ராஜா, கோட்டை, அரண்மனை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பெண்ணோ வந்ததும் சந்து முனையில் இருக்கும் கொடிமேடை எதிரில் நின்றுவிட்டாள். தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்த கட்சி வர்ணம் பூசும் அதே மேடைதான். நம்ம ஆளுங்கட்சி அப்பாவு, "எங்க தாத்தா இந்தக் கம்பத்த கட்டிப் புட்சிக்கினு வெள்ளக்காரன் கையில அடி வாங்குனாரு மேடம், எய்திக்கோங்க" என்றான். எதிர்க்கட்சி பீம்ராவ் விடுவானா? "இன்னாத்துக்கு பொய்யி? இங்க நின்னு ஸ்டிரைக்கு பண்ணது எங்க தாத்தா!" இரண்டு தாத்தாக்களும் மேலே உட்கார்ந்து சிரித்திருப்பார்கள். சபீஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மீன் விற்கும் கெங்கம்மாவிடம் கத்தி வாங்கி, மேடையின் மூலையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

மச்சான், என் கண்ணால் பார்த்தேன். பெயின்டுக்குக் கீழே பெயின்டு, அதற்குக் கீழே இன்னொரு கட்சி. ஒவ்வொரு வர்ணமாகக் காட்டி இது எந்த வருஷம் என்று கேட்கிறாள்; "அது எங்க ஜெரி பொறந்த வருசம்" என்று ஒருத்தி, "அது கூரைங்க எரிஞ்ச வருசம்" என்று இன்னொருத்தி. நாம் மறந்துபோன ஆட்சியெல்லாம் கத்தி முனையில் உதிர்ந்து விழுகிறது. சிமென்டும் பெயர்ந்தது. உள்ளே கருங்கல். கம்பத்தைக் கட்டியிருந்தது ஒரு பழைய இரும்புக் குழாயோடு! கல்லில் எழுத்து: 'கரி சுமக்கும் ஸ்திரீகள் கேட்டபடி நகரசபையார் வைத்த குழாய், 1928.' கப்பலுக்குக் கரிக்கூடை சுமந்து வந்த பெண்கள் மேல் கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நாம் அதன் மேல் ஏறிக் கொடி நட்டிருக்கிறோம்.

அப்பாவு மெல்ல, "ஒரு ஓரமா எங்க தாத்தா பேரையும் போட்டுக்கலாமே மேடம்" என்றான். "உங்க தாத்தா அடி வாங்கலைன்னு நான் சொல்லலை அண்ணே. ஆனா இந்தக் கல்லு சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும். ஒரு பொய்யைச் சேர்த்தோம்னா நிஜத்தையும் நம்ப மாட்டாங்க" என்றாள். அப்பாவுவும் பீம்ராவும் முதல்முறையாக ஒரே விஷயத்துக்குத் தலையாட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் நாம் ராயபுரத்துக்காரர்களா? நம் சந்து வீடுகளைக் காப்பாற்றப் போகும் கல்லாயிற்றே, மரியாதை செய்ய வேண்டாமா? கெங்கம்மா மஞ்சள் அப்பிக் குங்குமம் வைத்தார். பீம்ராவ் மாலை போட்டான். அப்பாவு எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தான். பஷீர் பாய் ஊதுபத்தி கொளுத்தினார். சும்மா இருக்கக் கூடாதே என்று நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். விசாரணை நாளில் அதிகாரி வந்து பார்த்தார். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. "ஆக்கிரமிப்பு போதாதுன்னு புதுசா நடைபாதைக் கோயில் வேறயா?" என்று கத்தினார். இனி எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

சபீஹா தண்ணீர் கேட்டாள். நமது சந்தில் தண்ணீர்! இரண்டு நாளுக்கு ஒரு லாரி. அன்று காலையில்தான் அடித்துப் பிடித்து ஆளுக்கொரு குடம் பிடித்திருந்தார்கள். கெங்கம்மா உள்ளே போனார், அந்த ஒரு குடத்தைத் தூக்கி வந்து கல்லின் மேல் கவிழ்த்தார். அப்புறம் நம் ஃப்ளோரா. அப்புறம் ஒவ்வொருத்தியாக. யாரும் யாரையும் கேட்கவில்லை மச்சான், எழுதும்போதே கண் கலங்குகிறது. மஞ்சள் வழிந்து எழுத்து வெளியே வந்தது. அதிகாரி குனிந்து படித்தார், மறுபடியும் படித்தார். "நகரசபையே குழாய் போட்டிருக்குன்னா, அப்பவே இங்க ஜனம் இருந்திருக்குல்ல சார்?" என்றாள் சபீஹா. கெங்கம்மா விடவில்லை: "அது கெடக்கட்டும் சார். கொழா கீது. தண்ணி எங்க கீது?"

இடிக்கக் கொடுத்த நோட்டீஸை நிறுத்திவைத்துவிட்டார்கள். எனவே மாற்று வீட்டுப் பேச்சே வேண்டாம், கையெழுத்துப் போடாதீர்கள். நமது சந்து எங்கேயும் போகாது. கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்து, நம் வீட்டிலேயே தங்குங்கள். கரோலின் அக்காவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு எங்கள் ஆசி சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
இன்னாசி

பி.கு.: கவரை ஒட்டும் முன்பு அதிகாரி மறுபடியும் வந்துவிட்டார், இந்தத் தடவை முகம் நிறையச் சிரிப்போடு. நமது சந்து மிகப் பழமையானதாம், போற்றிப் பாதுகாக்க வேண்டிய இடமாம். பாதுகாப்பதற்கு வசதியாக நாம் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் உடனே கிளம்பி வாருங்கள். பெண்கள் எல்லோரும் காலிக் குடங்களோடு மேடை மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், சபீஹாவும் நடுவில் இருக்கிறாள். அப்பாவுவும் பீம்ராவும் அவர்களுக்கு டீ வாங்கப் போயிருக்கிறார்கள். தண்ணீர் வரும்வரை இறங்குவதாக யாருக்கும் உத்தேசம் இல்லை.