சிறுத்தையும் அரைப்புள்ளியும்

ஒரு காட்டில், டீவியோடு வயர் போட்டுக் கட்டினால்தான் கம்ப்யூட்டருக்கு உயிர் வரும் என்றிருந்த காலத்தில், அம்சவேணி என்றொரு புள்ளிமான் வாழ்ந்தாள். பாழடைந்த வன விடுதியில் யாரோ விட்டுப்போன வீட்டுக் கம்ப்யூட்டர், பழைய டீவி, டேப் ரெக்கார்டர் எல்லாம் அவளுக்குக் கிடைத்திருந்தன. மின்சாரம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள், மான் பேசுவதை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஒருநாள் காலை அவள் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வல்லரசு என்ற சிறுத்தை பாய்ந்து அவள் கழுத்தில் காலை வைத்தான்.

"ஐயா, இன்னைக்கு என்னைச் சாப்பிடுவீங்க. நாளைக்கு?"

"நாளைக்கு இன்னொரு மான்."

"அதைத் தேடி அலையணுமே! யார் எங்கே தண்ணி குடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எந்தத் துறையில எத்தனை மான்னு கம்ப்யூட்டரே சொல்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். சி மொழியில."

வல்லரசுக்குச் சி மொழி என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "சி-யிலதானே? அப்ப சரி" என்று காலை எடுத்தான்.

செய்தி கேட்டு அவளுடைய தாய்மாமன், மந்தைத் தலைவர் கொம்பையா, ஓடிவந்தார். "கூறுகெட்டவளே! நம்ம விலாசத்தை அவன்கிட்ட எழுதிக் கொடுக்கிறியா?"

"பயப்படாதீங்க மாமா. உங்களுக்குச் சி கம்பைலரைப் பத்தித் தெரியாது. இந்த வேலை முடியவே முடியாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. புரோகிராமை எழுதும் எடிட்டர் ஒரு கேசட்டில். எழுதியதைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் வேறொரு கேசட்டில். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள கம்ப்யூட்டரின் சின்ன மண்டையில் இடமில்லை. ஒன்றை ஏற்றினால் மற்றது போய்விடும். ஏற்றும்போதெல்லாம் டேப் ரெக்கார்டர் கீச்சென்று கத்தியது. குரங்குகள் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தன.

அம்சவேணி குளம்பால் தட்டினாள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. எழுதி முடித்து, சேமித்து, கம்பைலரை ஏற்றினாள். திரை சொன்னது: "வரி 12: அரைப்புள்ளி இல்லை." சி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில்தான் முடியவேண்டும்.

வல்லரசு உறுமினான். "என் உடம்பெல்லாம் புள்ளி. உன் உடம்பெல்லாம் புள்ளி. இங்கே அரைப்புள்ளிக்கா பஞ்சம்?"

மறுபடி எடிட்டர். பன்னிரண்டாம் வரியில் அரைப்புள்ளி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. காணாமல் போனது பதினோராம் வரியில்.

"பக்கத்து வீட்டுக்காரன் செஞ்ச தப்புக்கு இவனை ஏன் பிடிக்குது?" என்று வல்லரசு திகைத்தான். திகைத்த கையோடு திரைக்கு நெருங்கி உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவனுக்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. மான்குட்டிகள் அவன் வாலைத் தாண்டிக் குதித்து விளையாடின. "அந்தப் பக்கம் போங்கடா, திரை மறைக்குது" என்பதோடு சரி. அடைப்புக்குறி மூடாத இடத்தை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். அன்று காடே அதிரக் கர்ஜித்தான்.

கொம்பையா நிம்மதியாக மேய்ந்தார். பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தார். அம்சவேணியின் கண்கள் சிறுத்தையின் கண்களைவிட அதிகமாக ஜொலித்தன.

"வேணி, இழுத்தடிக்கத்தானே போறேன்னு சொன்னே?"

"மாமா, ஒரே ஒரு பிழைதான் பாக்கி! பேசாதீங்க!"

அவளை இழுத்துப்போக மந்தையையே கூட்டிக்கொண்டு அவர் வந்து சேர்ந்த நேரத்தில், திரை சொன்னது: "பிழை ஏதும் இல்லை."

வல்லரசு அம்சவேணியைத் தூக்கிச் சுற்றினான். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மந்தை நடுநடுங்கி நின்றது.

"புரோகிராமை ஓட விடு!" என்றான் வல்லரசு.

ஓடவிட்டாள். திரையில் எழுத்து வந்தது: "ஓடைத்துறையில் மான்கள்: -20481."

வல்லரசு திரையைப் பார்த்தான். திரும்பி, வாசல் நிறைய நின்ற மான்களைப் பார்த்தான். மீண்டும் திரையைப் பார்த்தான்.

"ஒரு மான்கூட இல்லைன்னாலும் பரவாயில்லை. அதுக்கும் கீழே போயிடுச்சே!"

"ஆமாங்க" என்றார் கொம்பையா அவசரமாக. "நாங்க யாருமே இல்லைங்க."

"தப்பாக் காட்டுதோ?"

"அதான் பிழை ஏதும் இல்லைன்னு அதுவே சொல்லிடுச்சே!"

வல்லரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மான் உள்ள காட்டைத் தேடி மலையேறிப் போனான். மந்தை துள்ளிக் குதித்தது. அம்சவேணி மட்டும் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாசலுக்குப் பாய்ந்தாள்.

"ஐயா, நில்லுங்க! எண்ணிக்கையைப் பூஜ்யத்துல ஆரம்பிக்க மறந்துட்டேன்! ஒரே வரிதான், இப்பவே சரிபண்ணித் தர்றேன்!"

கொம்பையா அவள் வாயில் ஒரு கட்டுப் புல்லைத் திணித்தார். சிறுத்தை மலைக்கு அப்பால் மறையும்வரை மந்தை மொத்தமும் அவள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

நீதி: ஓடாத புரோகிராம் எழுதியவளைக் காக்கும், தப்பாக ஓடும் புரோகிராம் ஊரையே காக்கும், அதைத் திருத்தக் கிளம்புபவள்மேல் உடனே ஏறி உட்காருக.