அத்தைக்கு ஒரு பெட்டி அறை

நாலாவது அறையின் கதவைத் திறந்தால் சுவர் நின்றது.

சூப்பர்வைசர் கதவைச் சாத்தி மறுபடியும் திறந்து பார்த்தார். சுவர் எங்கேயும் போய்விடவில்லை.

செங்கல் அடுக்கிக் கட்டிய அறையாக இருந்தால் பரவாயில்லை. இது தொழிற்சாலையிலேயே சுவர், கூரை, குழாய், ஏசி எல்லாம் பொருத்தி, லாரியில் வந்து, கிரேனில் தொங்கி, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இறங்கிய பெட்டி அறை. மொத்தம் நாலு. இறக்கி வைத்து போல்ட்டை முடுக்கினால் வார்டு தயார் என்று விற்றவன் சொல்லியிருந்தான். கடைசிப் பெட்டி இறங்கும் நேரம் பார்த்துச் சூப்பர்வைசருக்கு மனைவியிடமிருந்து போன். பேசிவிட்டுத் திரும்புவதற்குள் பெட்டி பழைய கட்டடத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. கிரேன் கிளம்பிவிட்டது.

அந்த போனும் பழைய பாட்டுதான்.

"ஆஸ்பத்திரியிலயே உத்தியோகம் பாக்கறீங்க. எங்கம்மாவுக்கு ஒரு ரூம் வாங்கித் தர முடியல. எக்ஸ்ரே எடுக்க வர்றவனெல்லாம் அவங்க கட்டில்ல இடிச்சுட்டுப் போறான்."

"பெட்டி ரூம் திறந்ததும் முதல் ஆள் அத்தைதான். பெரிய டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

"எப்ப முடியும்னு அம்மா தினம் கேக்கறாங்க."

மாமியார் காலில் புண்ணோடு வந்து சேர்ந்தவர். இடமில்லாமல் நடையில் கட்டில் போட்டிருந்தார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் யார் மூலமாவதுதான் வரும். அப்படிப்பட்டவர் தினமும் கேட்கிறார் என்றால் எவ்வளவு கஷ்டப்படுகிறாரோ என்றுதான் சூப்பர்வைசருக்குத் தோன்றியது.

கதவருகே கூட நின்ற கொத்தனார் தலையைச் சொறிந்தார். "கிரேன் இனி அடுத்த மாசம்தான் சார். பெட்டியைத் திருப்ப முடியாது. சுவரைத்தான் ஏதாவது பண்ணணும்."

"என்ன பண்ணுவே?"

"உடைச்சுட்டா வழி வந்துடும்ல."

பழைய சாமான் அறைக்குள் வழி வரும் என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். உடைத்தபோது ஒரு முழம் தள்ளி, பெரிய டாக்டரின் அறைக்குள் வந்தது. டாக்டர் எதிரில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தவர் அதை உள்ளே இழுக்கவே மறந்துவிட்டார்.

"ரொம்ப சந்தோஷம்யா," என்றார் டாக்டர், மேஜையில் விழுந்த காரையை ஊதிக்கொண்டே. "இனிமே பேஷண்டைப் பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் என் நாற்காலியைத் தாண்டித்தான் போவாங்களா?"

"இதைச் சரி பண்ற வரைக்கும் முதல் பெட்டியில உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். ஏசி ஜில்லென்று அடித்தது. சாயங்காலமே பெயர்ப் பலகையைக் கழற்றி வந்து அங்கே மாட்டிக்கொண்டார்.

மறுநாள் மருந்துக் கடைக்காரம்மா வந்தார். "டாக்டர் மட்டும் குளிர்ச்சியா இருக்கணும், என் மருந்தெல்லாம் வேகணுமா?" இரண்டாவது பெட்டி போயிற்று. சுவர் உடைத்த புழுதியில் கம்ப்யூட்டர் தும்முகிறது என்று ஆபீஸ்காரர்கள் மூன்றாவதில் குடியேறினார்கள். நோயாளிகளுக்காக வந்த பெட்டிகளில் நோயாளி தவிர எல்லோரும் சௌகரியமாக இருந்தார்கள்.

மிச்சம், சுவரைப் பார்த்து நின்ற அந்த நாலாவதுதான்.

டாக்டரின் காலி அறை வழியாகவே போய்வரலாம் என்று முடிவானது. உடைத்த இடத்துக்குக் கதவு நிலை வைக்கத் துளை போட்டபோது, சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயும் சேர்ந்து உடைந்தது. நடையெல்லாம் வெள்ளம்.

சூப்பர்வைசர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு துடைப்பத்தோடு ஓடினார். அங்கே மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலை ஆளோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க எழுந்திருக்கலாமா? படுங்க முதல்ல."

திருடி மாட்டிக்கொண்டவர் போல மாமியார் கட்டிலில் விழுந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற ஆயாவிடம் மெல்ல, "எப்ப முடியும்னு கேளு," என்றார்.

"எப்ப முடியும்னு கேக்கறாங்க சார்," என்றாள் ஆயா. அவள் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. மாமியாருக்கு ரூம் வாங்க வக்கில்லாதவனைப் பார்த்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார்.

"ரெண்டே நாள்னு சொல்லு," என்றார்.

அந்த இரண்டு நாளும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. குழாய்க்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். நிலை வைத்தார். ஒழுகிய இடத்துக்கு வெள்ளை அடித்தார். துணிக்கிடங்கில் சண்டை போட்டு நல்ல விரிப்பாக ஒன்று வாங்கிவந்து தானே விரித்தார். வேலை முடிந்ததும் அந்தக் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைக்குப் போனார்.

"வாங்க அத்தை. உங்க ரூம் ரெடி."

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். கட்டிலுக்கு அடியில் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. பையின் மேலேயே செருப்பும் இருந்தது. ஆயாவைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

ஆயா இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை.

"அந்த ரூம்ல ஒரு ராத்திரி படுத்தாகணுமா, இல்ல ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பினா போதுமான்னு கேக்கறாங்க சார். போன வாரமே கால் ஆறிடுச்சு, வீட்டுக்குப் போலாம்னு சின்ன டாக்டர் சொல்லிட்டாரு. மாப்பிள்ளை எனக்காகச் சுவரையெல்லாம் உடைக்கிறாரு, இப்பப் போனா அவரு மனசு நோகும்னு படுத்தே கிடக்காங்க."