சம்பந்தியம்மா கூண்டில் சிக்கிய விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும், என் உடம்பில் உள்ள கீறல்கள் தவிர, நலம். அங்கே தங்கள் நலமும், தங்கள் துணைவியாரின் நலமும், குறிப்பாக அவருடைய மனமும் விரைவில் பழையபடி ஆகவேண்டும் என்று வேண்டுகிறேன்.

நேற்று மதியம் நீங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் என் மகள் தன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். கையில் கரண்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாளாம். அப்போது என் மனைவியின் குரலில் உங்கள் காதில் விழுந்தது: “சம்பந்தியம்மா மாட்டிக்கிட்டா! விடாதீங்க, துணியைப் போட்டு மூடுங்க! கர்ப்பப்பையை எடுத்துட்டா ஆட்டமெல்லாம் அடங்கிடும்!” அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. அதன்பின் உங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை என்றும், உங்கள் துணைவியார் யாரோடும் பேசவில்லை என்றும் மகள் சாயங்காலம் என்னிடம் அழுதாள். “பூனைன்னு சொன்னா மாமா நம்பவே மாட்டேங்கிறாருப்பா. நீங்களே கைப்பட எழுதுங்க” என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐயா, அது பூனைதான்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் துணி தைக்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். தையலக்கா என்போம். மோட்டார் அறையைச் சுற்றித் திரியும் பூனைகளுக்கெல்லாம் சோறு வைப்பதும் பெயர் வைப்பதும் அவர்தான். அதில் சாம்பல் நிறத்தில் ஒன்று, வேளை தவறாமல் வரும், தட்டை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிக்கும், பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். அதற்குத்தான் அந்தப் பெயர். உலகத்துச் சம்பந்தியம்மாக்களைப் பொதுவாக மனதில் வைத்துச் சூட்டியது. உங்களுக்கு என் மனைவியும் சம்பந்தியம்மாதானே? அந்தக் கணக்கில் அவமானம் இரண்டு குடும்பத்துக்கும் சமபங்கு.

அந்தச் சம்பந்தியம்மா, அதாவது பூனை, ஓயாமல் குட்டி போட்டது. பாதிக் குட்டிகள் கார்ச் சக்கரத்தில் போயின. மீதி கண்ணில் பீளை கட்டி, மூச்சுத் திணறி, தையலக்காவின் மடியிலேயே செத்தன. குடியிருப்புச் செயலாளருக்குப் புகார் போயிற்று. அவர், “வெள்ளிக்கிழமை ஆள் வராங்க. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க” என்று சொல்லிவிட்டார். “அள்ளிட்டுப் போனா காலியான இடத்துக்கு வேற பூனை வரும் சார். கருத்தடை ஆபரேஷன் பண்ணி இங்கேயே விட்டா குட்டியும் வராது, புதுசும் வராது” என்று தையலக்கா மன்றாடினார். “பண்ணுங்களேன், யாரு வேணாம்னா?” என்றார் அவர். சொல்வது சுலபம். மிருக ஆஸ்பத்திரி நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. கூண்டைப் பார்த்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டுவார். அப்படியும் ஒருமுறை போய்ச் சேர்ந்தால், முன்பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். பூனையின் வயிறு காத்திருக்குமா? ஆகவே தையலக்காவும் என் மனைவியும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, நடமாடும் அறுவை சிகிச்சை வேன் ஒன்றை எங்கள் தெருவுக்கே வரவழைத்தார்கள். ஒரே ஒரு நாள், அதுவும் வியாழக்கிழமை. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியை மயக்கத்திலேயே லேசாக வெட்டிவிடுவார்கள், அப்படி வெட்டிய பூனைகளைத் தொடமாட்டேன் என்று செயலாளரும் ஒப்புக்கொண்டார்.

மதியத்துக்குள் எல்லாப் பூனையும் பிடிபட்டுவிட்டது, சம்பந்தியம்மாவைத் தவிர. வேனிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “மயக்கம் தெளிஞ்சு எழுந்து நின்னாத்தான் நான் விட்டுட்டுப் போக முடியும். இப்ப கொண்டு வரலேன்னா அடுத்த தடவைதான்” என்றார். “அடுத்த தடவை எப்போங்க?” என்றார் தையலக்கா. “தெரியலைங்க. எத்தனையோ தெரு கேட்டுக்கிட்டிருக்கு.” தையலக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் வெள்ளிக்கிழமை.

அதுவரை வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளி வேன் ஓட்டி ஓய்வுபெற்றவன், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வண்டியில் ஏற்றியவன், ஒரு பூனையை ஏற்ற முடியாதா என்ற ஆணவமும் கொஞ்சம் இருந்தது. மீன் வைத்த கூண்டை மோட்டார் அறைக்குள் தள்ளிவிட்டு, கூண்டுக் கதவின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். குழாய்க்குப் பின்னால் இரண்டு கண். முழங்கையில் எறும்பு ஏறுகிறது, மூக்கில் தும்மல் முட்டுகிறது, தும்மினால் எல்லாம் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறேன், அதுவும் அடிமேல் அடி வைத்து வருகிறது, முன்கால் கூண்டுக்குள் போய்விட்டது, அந்த நேரம் பார்த்து மேலே எந்தப் புண்ணியவானோ மோட்டார் ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது, பூனை என் தலையில் ஏறி முதுகில் ஓடி வாசலுக்குப் பாய்ந்தது, அங்கே குறுக்கே நின்ற என் மனைவியைப் பார்த்து மிரண்டு திரும்பி நேராகக் கூண்டுக்குள்ளேயே போய் விழுந்தது, நான் கயிற்றை விட்டேன். அந்தக் கணத்தில் அடித்ததுதான் உங்கள் வீட்டுப் போன். என் மனைவி எடுத்துக் காதில் இடுக்கியபடியே எனக்குக் கத்தினாள். அடுத்த நொடி போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது.

ஆபரேஷன் ஆயிற்று. மற்றவையெல்லாம் எழுந்து தள்ளாடிக்கொண்டிருக்க, இது மட்டும் எழவில்லை. டாக்டரம்மா நாக்கைத் தொட்டுப் பார்த்தார், துண்டில் சுற்றினார், மார்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “நாமளே கொன்னுட்டோமா?” என்று தையலக்கா முணுமுணுத்தார். என் முதுகிலிருந்த கீறல் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது. தையலக்காவுக்காக அலைந்தாலும் பூனை கிட்டே வந்தால் துடைப்பத்தைத் தேடும் என் மனைவி வேனுக்குள் ஏறி, அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தியம்மா, எழுந்திரிங்கம்மா. நாங்க ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க. எழுந்திரிங்க” என்றாள். அவ்வளவு பணிவை இத்தனை வருஷத்தில் நான் கண்டதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வால் நுனி அசைந்தது. கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் பார்த்து, முகத்தைச் சுளித்து, சீறியது. “கோபம் வந்துடுச்சா? அப்ப பிழைச்சுட்டா” என்று டாக்டரம்மா சிரித்தபடி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை ஆட்கள் வந்தார்கள். செயலாளர் ஒவ்வொரு காதாகக் குனிந்து பார்த்தார். வண்டி காலியாகத் திரும்பியது.

நடந்தது இவ்வளவுதான். இதைத் தங்கள் துணைவியாருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். பூனையின் பெயரை உடனே மாற்றச் சொல்லிவிட்டேன். தங்களுக்குப் பூனை என்றாலே ஆகாது என்பதும் தெரியும். இனி எங்கள் குடும்பம் எந்தப் பூனை விவகாரத்திலும் தலையிடாது, இது உறுதி. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் இல்லத்தில் என்றும் அமைதி நிலவட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் துணைவியாரே என்னைப் போனில் அழைத்தார். கோபமெல்லாம் இல்லையாம். கர்ப்பப்பை என்றதுமே பூனை ஆபரேஷன்தான் என்று புரிந்துவிட்டதாம். பேசாமல் இருந்தது யோசனையில். தங்கள் வீட்டுப் பின்பக்கம் தங்களுக்குத் தெரியாமல் அவர் சோறு போட்டு வளர்க்கும் பூனைகள் எல்லாமே இப்போது சினையாக இருக்கின்றனவாம், மகள் சொன்ன அந்த வேனை அங்கே வரவழைக்க முடியுமா என்று கேட்டார். டாக்டரம்மாவிடம் கெஞ்சி, அடுத்த முகாமைத் தங்கள் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டோம். பிடிப்பதற்கு நானும் வருகிறேன். தங்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவர் சத்தியம் வாங்கியிருப்பதால், இந்தப் பின்குறிப்பைத் தயவுசெய்து படிக்காமல் விட்டுவிடவும்.