மீட்டிங் டிரஸ்ஸரின் மூன்று நாற்காலிகள்

செத்துப்போனவர்களை வரிசையாக உட்காரவைத்து, "நான் பண்ணது என்ன தப்பு?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் மீட்டிங் டிரஸ்ஸர்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு மீட்டிங் போட்டிருப்பார்.

பினாங்குக்கு வடக்கே, செமிலிங்கிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். ரப்பர் மரங்கள் முதல் பால்வெட்டுக்கு வந்திருந்த காலம். நான் அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கட்டி கீறுவது, காயம் தைப்பது, நசுங்கிய விரலை எடுப்பது எல்லாம் டிரஸ்ஸர்தான். பினாங்கில் சர்ஜன்களுக்குப் பின்னால் ஏழு வருஷம் விளக்குப் பிடித்து நின்று, எட்டிப் பார்த்தே கத்தி வேலை கற்றவர். கை பழக வேண்டும் என்று வாழைமட்டையைத் தைப்பார், தலையணையைத் தைப்பார். ஒருமுறை என் சட்டைப் பித்தானைத் தைத்துக் கொடுத்தார். சட்டை கிழிந்து கரித்துணியாகிவிட்டது. பித்தான் மட்டும் அசையவில்லை.

சர்ஜன்களின் சங்கம் ஒன்றில் தன்னையும் சேர்க்கச் சொல்லி எழுதினார். பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே இடம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுநாளே தானாக ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்.

"என்னையும் மெம்பரா சேத்துக்குங்க டிரஸ்ஸர் ஐயா" என்றேன், விளையாட்டாக.

"உங்க கையால யாராச்சும் செத்திருக்காங்களா கிராணி?"

"ஐயையோ! இல்லைங்க."

"அப்ப முடியாது. தன் கையால ஒருத்தர் செத்து, அது என் தப்புன்னு ஒத்துக்கிட்டவங்கதான் மெம்பர். நீங்க வேணும்னா செக்ரட்டரியா இருங்கலா."

பினாங்கில் நோயாளி இறந்துவிட்டால் சர்ஜன்கள் கூடி உட்கார்ந்து எங்கே பிசகியது என்று பேசுவார்களாம். இவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். "எல்லாரும் நல்லாத்தான் பேசுனாங்க கிராணி. செத்தவங்கள மட்டும் யாரும் கூப்பிடல" என்றார். தன் சங்கத்துக்கு அவர்களைத்தான் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, பட்டப்பகல். வார்டின் கோடியில் மூன்று காலிப் பிரம்பு நாற்காலிகள், அவர் கையில் செத்த மூன்று பேருக்கு. ரப்பர் அழுத்தும் மெஷினில் கையைக் கொடுத்த மாரியாயி, மரம் விழுந்து வயிறு கிழிந்த வீரன், பாம்பு கடித்த காலை வெட்டியும் பிழைக்காத குப்பன். டிரஸ்ஸர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கட்டிலில் நோவோடு கிடக்கிற சாக்கிட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர் நடந்ததைச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். "ஆமாம்மா, நீங்க சொல்றது சரி" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்குங்க" என்பார்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. சம்பளமில்லாத செக்ரட்டரிக்கு நம்பிக்கை எதற்கு? ஒரு ஞாயிறு அவர் பேசாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் பேனா தானாக ஒரு வரி எழுதியது. அவர் நிமிர்ந்து, "மாரியாயி கடைசியில தண்ணி கேட்டுச்சு, நான் குடுக்கலன்னு எழுதுங்க" என்றார். நோட்டைப் பார்த்தேன். நான் எழுதியிருந்ததும் அதுதான். அன்று முதல் நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் தோட்டத்து மேனேஜர் துரை காதுக்கு எட்டியது. டிரஸ்ஸருக்குப் பித்துப் பிடித்துவிட்டது, கத்திப் பெட்டியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டருக்கு எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தை டைப் அடித்த பாவியும் நான்தான். டிரஸ்ஸரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"பெட்டி போச்சுன்னா நான் மருந்து ஊத்துற ஆளுதான் கிராணி. அடிபட்டவன மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பணும். பாதி வழியில போயிடுவான்."

டாக்டர் வந்தது ஒரு ஞாயிறு, சரியாக மூன்று மணிக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர், சிரிக்காதவர். வந்தவர் நேராக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, அது மாரியாயி இடம்" என்றார் டிரஸ்ஸர்.

சுடுதண்ணீரில் உட்கார்ந்தவர் மாதிரி டாக்டர் எழுந்தார். டிரஸ்ஸர் மீட்டிங்கை நிறுத்தவில்லை. பெட்டி போகப்போகிற அன்றும் மூன்று பேரிடமும் வரிசையாகத் தன் தப்பைச் சொன்னார். டாக்டர் நின்றபடியே கடைசிவரை கேட்டார்.

"இன்னொரு கதிரை கிடைக்குமோ?" என்றார் என்னிடம்.

அவருக்குத்தான் என்று நினைத்து ஆபீஸ் பிரம்பு நாற்காலியைத் தூக்கி வந்தேன். அவர் உட்காரவில்லை. அதை மாரியாயிக்குப் பக்கத்தில் போட்டார்.

"வள்ளிப்பிள்ளை" என்றார். "என்ரை முதல் ஒப்பரேஷன். தையல் முடிச்சு சரியா இறுகேல்லை. எனக்கு அப்பவே தெரியும். ஆரிட்டையும் சொல்லேல்லை."

"வாங்கம்மா" என்றார் டிரஸ்ஸர், அந்த நாற்காலியைப் பார்த்து.

காற்றே இல்லை. பிரம்பு கிறீச்சிட்டது. ஆள் உட்காரும்போது கிறீச்சிடுமே, அதே சத்தம். என் பேனா கீழே விழுந்தது.

"என்ன சொல்லுறா?" டாக்டரின் குரல் கேட்கவே இல்லை, உதடுதான் அசைந்தது.

"எனக்கு அவங்களத் தெரியாதுங்கய்யா. நீங்கதான் கேக்கணும்."

டாக்டர் அந்த நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று நான் மினிட்ஸில் எழுதவில்லை. எழுந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, வருகைப் புத்தகத்தில் 'கத்திப் பெட்டி டிரஸ்ஸரிடமே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்படியே இங்கயும் ஒண்ணு போடுங்கய்யா" என்று டிரஸ்ஸர் மெம்பர் நோட்டை நீட்டினார். "நீங்கதான் ரெண்டாவது ஆளு."

அடுத்த வருஷம் என் தொடையில் பெரிய கட்டி வந்தது. கார் தருகிறேன், பினாங்குக்குப் போ என்றார் துரை. நான் போகவில்லை. டிரஸ்ஸர் கத்தியைச் சுடுநீரிலிருந்து எடுத்தபோது வலிக்கும் என்று தெரியும், வலித்தது, தோட்டமே கேட்கும்படி கத்தினேன். ஆனால் பயம் வரவில்லை. அந்த மேசையில் நான் செத்தே போனாலும், ஞாயிறு தவறாமல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்த மனிதர் இருந்தார்.