சிவப்பு வண்டியை வாங்க இயலாமை குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும் நலமென்றே நம்புகிறேன். மகளை நேற்று மதியம்தான் வாசலில் பார்த்தேன் என்றாலும், கடிதம் என்று எழுதினால் நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருவது எனக்குப் பழக்கமில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் தாங்கள் பேசும்போது எதிரில் இருப்பவருக்கு "சரி" என்று சொல்ல மட்டுமே இடம் கிடைக்கிறது. இது சரி என்று சொல்லக்கூடிய விஷயம் அல்ல.

சென்ற ஞாயிறு சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் எனக்கு ஒரு பெரிய மரியாதை செய்தீர்கள். கண் புரை அறுவை முடிந்தும் எதிரே வரும் விளக்குகள் தங்களுக்குச் சிதறித் தெரிவதாகவும், ஊருக்கெல்லாம் கண்ணாடி எழுதிக் கொடுத்த கண் மருத்துவரே இப்படி உத்தேசமாக ஓட்டுவது சரியல்ல என்று மாப்பிள்ளை கண்டித்துவிட்டதாகவும், ஆகவே தங்கள் சிவப்பு வண்டியை வெளியாள் கையில் கொடுக்க மனமில்லாமல் எனக்கே கொடுக்க விரும்புவதாகவும் சொன்னீர்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு அந்தப் பச்சை டப்பாவையே உருட்டிட்டு இருப்பீங்க சம்பந்தி?" என்றும் கேட்டீர்கள். டப்பா என்றதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே மறந்துவிட்டேன். ஒரு தகவலுக்காக மட்டும் சொல்கிறேன், பதிவுச் சான்றிதழில் அதன் நிறம் பச்சை அல்ல, பாசி.

சனிக்கிழமை ஒரு பல் மருத்துவர் வண்டியைப் பார்க்க வருகிறார், அதற்குள் முடிவு வேண்டும் என்றீர்கள். மகளைக் கொடுத்த இடத்தில் ஒன்றை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது மகளைப் பெற்றவனுக்குத்தான் தெரியும். ஆகவே காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் முழுவதும் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் என்ன நினைத்தாலும் மகள் மேல் காட்டவேண்டாம்.

முதலில், குறை தங்கள் வண்டியில் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. இரண்டிலும் இரண்டே சீட்டு, மேலே மடக்குக் கூரை. இரண்டையும் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள், ஆனால் தங்களுடையதைப் பார்க்கும்போது மரியாதையாகச் சிரிக்கிறார்கள். என்னுடையது நாலு சிலிண்டர், தங்களுடையது ஆறு. மேட்டில் ஏறும்போது எனக்குப் பின்னால் வரும் சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கச் சொல்வார். தங்கள் வண்டிக்கு மேடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. விலையும் அதற்குத் தகுந்த விலைதான். ஓய்வு பெற்றபோது வந்ததில் மிச்சமிருப்பது மொத்தமும் போகும் என்றாலும், உறவுக்காகக் குறைத்திருப்பதாகத் தாங்கள் சொன்னதை நம்புகிறேன். நம்பாமல் விசாரித்தும் பார்த்தேன். வெளியிலும் அதே விலைதான் சொல்கிறார்கள். உலகமே எங்களை உறவாக நினைக்கிறது போலும்.

வேகம் எனக்குப் பழக்கமில்லை என்பதும் காரணமல்ல. முப்பது வருடத்துக்கு மேல் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன் நான். அவசரப்பட்ட எந்த லிஃப்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் அது மேலும் கீழும் போகிற விஷயம். முன்னால் போகிற விஷயத்தில் எனக்கும் ஆசை உண்டு.

உண்மையான காரணம் மூன்றாவது கியர். இது தங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் டப்பா என்பதோடு நிறுத்தியிருக்கமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை. என் வண்டியில் மூன்றாவது கியர் போட்டால் நிற்காது. கையை எடுத்த மறுகணம் லீவர் துள்ளி வெளியே வந்துவிடும், எஞ்சின் வாலை மிதித்தாற்போல் ஊளையிடும். மெக்கானிக் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, அந்தச் சாமானை இப்போது யாரும் செய்வதில்லை, கிடைக்கிறவரை பக்கத்தில் உட்காரும் அம்மா லீவரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். சாமான் கிடைக்கவில்லை. பதினோரு வருடமாக என் மனைவி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பிடி, விடு என்ற இரண்டு வார்த்தையில் எங்கள் பயணமெல்லாம் நடந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. நான் கிளட்சை மிதிக்கக் காலைத் தூக்கும்போதே அவள் கை தளர்ந்துவிடும். இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை போக்குவரத்துக் காவலருக்குப் பக்கத்தில் போகும்போது அவளுக்குத் தும்மல் வந்து கையை எடுத்துவிட்டாள், வண்டி போட்ட கத்தலில் அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று ஓடிவந்தார், வந்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் மணி என்ன என்று கேட்டேன், அவர் கோபத்தோடு மணியைச் சொன்னார். இன்னொரு முறை அவளுக்குக் காய்ச்சல் என்று, என்னோடு காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற தணிக்கையாளரை ஏற்றிக்கொண்டு போனேன். பிடி என்றேன், பிடித்தார். விடு என்றேன், விடவில்லை. எதற்காக விடவேண்டும் என்று காரணம் கேட்டார். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முன்னால் நின்ற பால் வண்டியை முட்டிவிட்டோம். பால்காரர் இறங்கி வந்து சத்தம் போட, எந்த விதியின் கீழ் சத்தம் போடுகிறீர்கள் என்று அவரிடமும் கேட்டார். அன்றிலிருந்து நான் தனியாகத்தான் நடக்கிறேன். பிறகு அந்தத் திரைச்சீலைச் சண்டை. என் மனைவி முன்னறையில் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது தாங்கள் அறிந்ததே. தைத்ததை மாட்டப் போன வீட்டில் நான் சும்மா இருக்காமல் என் பழைய அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்து, அரை அங்குலம் குறைகிறது என்று அந்த வீட்டு அம்மா காதுபடச் சொல்லிவிட்டேன். திரும்பும்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிரதான சாலையில் ஊர் எல்லையிலிருந்து வீடுவரை இரண்டாவது கியரிலேயே வந்தோம், எங்களுக்குப் பின்னால் இரண்டு பேருந்தும் ஒரு சிமெண்ட் லாரியும் வாய்க்கு வந்தபடி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர், "இன்னிக்கு ரெண்டாவது கியரா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். எங்கள் தெருவில் யாருக்கும் எங்கள் சண்டையை ஒட்டுக்கேட்கும் அவசியமே இல்லை.

அவளைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் இடது கையால் துணி வெட்டப் பழகிக்கொண்டிருக்கிறாள். கேட்டால், சும்மாதான் என்கிறாள். நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன். வாரத்தில் இரண்டு மதியம் நம் மகளோடு துணிக்கடைக்குப் போகிறாள். இதுவரை ஒரு முழத் துணி வாங்கி வந்ததில்லை, எதுவும் பிடிக்கவில்லை என்பாள். தொழிலில் அவ்வளவு கண்டிப்பு.

இனி ஞாயிறு அன்று நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் தாங்கள் சாவியைக் கொடுத்து, இருவரும் ஒரு சுற்று போய்வாருங்கள் என்று வாசலில் நின்று கையசைத்தீர்கள். நான் பதிலுக்குக் கையசைக்கவில்லை என்று வருந்தியிருப்பீர்கள். ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தேன், வைத்த காலை எடுப்பதற்குள் மருந்துக்கடை, பள்ளிக்கூடம், தபால் நிலையம் எல்லாம் பின்னால் போய்விட்டன. கையை எடுக்கிற நிலையில் நான் இல்லை. பெரிய சாலைக்கு வந்ததும் மூன்றாவது கியர் போட்டேன். பழக்கத்தில் அவள் கை நீண்டு லீவரைப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனோம். பிறகு ஒரு விரலை எடுத்துப் பார்த்தாள். அடுத்த விரலை எடுத்தாள். முழுக் கையையும் எடுத்தாள். லீவர் அசையவில்லை.

"தானா நிக்குதே," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கையைக் கொண்டுபோய் மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டாள். தங்கள் வீடு வரும்வரை அதை எடுக்கவில்லை. அங்கிருந்து எங்கள் வண்டியில் கிளம்பி வீடு சேரும்வரை, மூன்றாவது கியரைப் பிடித்தபடியே, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஏதோ நினைப்பிலேயே இருந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

சம்பந்தி அவர்களே, தங்களிடம் சொல்வதற்கு என்ன. மகள் கல்யாணமாகிப் போனபிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. முன்னறையில் அவள் தையல் இயந்திரம், பின்னறையில் நான், நடுவில் ஒரு நீளமான கூடம். ஞாயிறு காலையில் மட்டும் அவள் இயந்திரத்துக்கு உறையைப் போட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருக்கும் வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டுவாள். நான் அவளை வா என்று கூப்பிட்டதே கிடையாது. கூப்பிடுகிற அவசியம் வரவில்லை, அவள் இல்லாமல் வண்டி போகாது. கியர் தானாக நிற்கிற வண்டி வந்துவிட்டால் அவள் எதற்காக வரவேண்டும்? அப்போது நான் கூப்பிடவேண்டி இருக்கும். கூப்பிட்டு, "தையல் கிடக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு அதுதான் பயம். ஆறு சிலிண்டர் வண்டியில் பக்கத்துச் சீட்டு காலியாகக் கிடக்க, தனியாக அவ்வளவு வேகமாக எங்கே போய்ச் சேர்வது?

ஆகவே, தங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்டவனாக, மேற்படி சிவப்பு வண்டியை வாங்க இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பல் மருத்துவர் நல்லவராகவே இருப்பார். எங்கள் டப்பா எங்களுக்குப் போதும். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள். இதனால் நம் இரு குடும்பத்துக்கும் இடையே ஒரு சிறு கீறலும் விழாதிருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,

தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து தள்ளிவிடவும். கடிதத்தை உறையில் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டில் எதுவும் அவள் படிக்காமல் வெளியே போவதில்லை என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. முன்னறையில் இயந்திரச் சத்தம் நின்றது. கடிதத்தோடு பின்னறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இடது கையால் ஏன் துணி வெட்டுகிறேன் தெரியுமா என்று கேட்டாள். பெருமையாக, தெரியும் என்றேன். வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். எலும்போரம் வீங்கியிருந்தது. அந்த லீவரைப் பிடித்துப் பிடித்து வந்த வீக்கமாம், இரண்டு வருடமாகக் கத்தரிக்கோலை இறுக்க முடியவில்லையாம். மூன்று நாளாக யோசித்தது, கைக்கு விடுதலை கிடைத்த சந்தோஷத்தை என்னிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தானாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா வண்டியை நிறுத்திடுவீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை முழுக்க எதிர்ல உக்காந்து திரைச்சீலையை அளந்துட்டு இருப்பீங்க," என்றாள். கடிதத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உங்க கூட வர்றதுக்கு எனக்கு ஒரு வேலை இருந்தாத்தான் வருவேன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டாள். பதில் கடிதத்திலேயே இருந்தது.

பிறகு உள்ளே போய்க் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் படம். துணிக்கடை என்று மகளோடு போனதெல்லாம் ஓட்டுநர் பயிற்சிக்காம். மாப்பிள்ளைக்கும் தெரியுமாம். சிவப்பு வண்டியின் விலையில் பாதியை அவள் திரைச்சீலைப் பணத்திலிருந்து தருகிறாளாம். பாசி வண்டி சாமான் கிடைக்கும்வரை கொட்டகையிலேயே நிற்கட்டும், அதை விற்கப்போனால் தன் மணிக்கட்டையும் சேர்த்து விற்கவேண்டும் என்கிறாள். ஆகவே பல் மருத்துவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடவும். சனிக்கிழமை காலை இருவரும் வருகிறோம். சாவியை என்னிடம் நீட்டவேண்டாம். "இனிமே நான் ஓட்டறேன். நீங்க ஒரு வேலையும் இல்லாம கூட வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். பக்கத்துச் சீட்டில் சும்மா வருகிறவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சம்பந்தி அம்மாவிடம் கேட்டுச் சொல்லவும்.